ஒரு போன், மூன்று ஷிப்ட்: வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளுக்காக

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்தக் காலத்தை செம்பரம்பாக்கத்தில் ஒரே அறை கொண்ட வாடகை வீட்டில் படித்துக் கடந்தவள் நான். பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில் பாடவேளையைப் பள்ளி முடிவு செய்வதில்லை, கம்பெனி பஸ்தான் முடிவு செய்கிறது. மழை விடுமுறையில் ஆன்லைன் வகுப்பு என்றாலும் தொலைநிலைப் பட்டப்படிப்பு என்றாலும் இன்றும் அதே நிலைதான்.

செய்ய வேண்டியவை

• முதலில் அப்பாவின் ஷிப்டைக் கேளுங்கள், பிறகு படிப்பு அட்டவணை போடுங்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் விடியும் முன்பே போன் அவருடன் போய்விடும். பகலில் புத்தகமும் எழுத்து வேலையும் வைத்துக்கொண்டு, போன் தேவைப்படும் பாடத்தை மாலைக்கு ஒதுக்குங்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் போன் வீட்டில் இருக்கும், ஆனால் அப்பா தூங்குவார். அந்த வாரம் ஹெட்போன் போட்டுக் கேட்பது, கணக்குப் போடுவது, வரைபடம் குறிப்பது என்று சத்தமில்லாத வேலைகளை வையுங்கள். வாய்விட்டுப் படிப்பதற்கு மொட்டை மாடி இருக்கிறது. இந்த ஒன்றை ஒழுங்கு செய்தாலே பாதிப் படிப்பு நடந்துவிடும் என்பது என் அனுபவம்.

• டேட்டா இல்லாத வழிகளை முதலில் பயன்படுத்துங்கள். 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கு வீட்டு டிவி போதும். டேட்டா இருக்கும்போது பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான வீடியோ வரும். 2023இல் வந்த மணற்கேணி செயலியிலும் பாடங்கள் இருக்கின்றன.

• புரியாததை அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து, போன் கைக்கு வந்ததும் ஆசிரியருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள்.

• தெருவில் படித்த அக்கா ஒருவர் இருந்தால், சின்னப் பிள்ளைகள் நாலு பேரை மாலையில் அவரிடம் உட்கார வையுங்கள். 2021 அக்டோபர் 27 அன்று அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் தன்னார்வலர்களை நம்பித்தான் நடந்தது. திரையில் பார்த்து விளங்காத கழித்தல் கணக்கு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொன்னால் விளங்குகிறது.

• மழை எச்சரிக்கை வந்ததும் போனை முழுதாக சார்ஜ் ஏற்றிவிடுங்கள். புத்தகங்களைப் பாலித்தீன் பையில் கட்டிப் பரணில் வையுங்கள். 2020 நவம்பர் 25இல் நிவர் புயலின்போது நம் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகளைத் திறந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

செய்யக்கூடாதவை

• ஆசிரியர்களே, கேமராவை ஆன் செய்யச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பின்னால் அப்பா படுத்திருப்பார், அம்மா உடை மாற்ற இடமில்லாமல் நிற்பார். வருகைப் பதிவுக்காக ஒரு வீட்டையே வகுப்புக்குத் திறந்து காட்டச் சொல்வது நியாயமில்லை.

• "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று பெண் பிள்ளையிடம் மட்டும் சமையலையும் தம்பியையும் ஒப்படைக்காதீர்கள். அண்ணன் வகுப்பில் இருக்கும்போது அவனை யாராவது தண்ணீர் பிடிக்க எழுப்புகிறார்களா? அவளுக்கும் அதே மரியாதை வேண்டும். வீட்டுக் கல்வியில் அதிகம் இழந்தவர்கள் பெண் பிள்ளைகள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

• வட்டிக்கு வாங்கிப் புது போன் எடுக்காதீர்கள்.

• ஒரு மாதம் பாடம் விட்டுப்போனால் படிப்பே போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இந்தப் பகுதியில் கான்ட்ராக்ட் வேலை சுலபமாகக் கிடைக்கும். அதுதான் ஆபத்து. கையில் வரும் முதல் சம்பளம் பதினாறு வயதுப் பையனைப் பள்ளிக்குத் திரும்ப விடாது. தற்காலிகம் என்று சொல்லிக்கூட அனுப்பாதீர்கள்.

உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளை யாராவது இருந்தால், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கு இன்றே அழைத்து, திரும்பச் சேர்க்க என்ன வழி என்று கேளுங்கள்.