படகின் அடியைப் பார்த்து ட்ரெய்லர் வாங்குங்கள்

துவாக்குடியில் பாய்லர் உதிரிபாகங்களுக்கு வெல்டிங் செய்யும் சின்னப் பட்டறை என்னுடையது. பெல் ஆலையை ஒட்டி வளர்ந்த தொழில். இரும்பு பழக்கம், கடல் பழக்கமில்லை. மல்லிப்பட்டினத்து மச்சான் உள் எஞ்சின் வைத்த 24 அடி ஃபைபர் படகு வாங்கியபோதுதான் கடல் எனக்குப் பாடம் எடுத்தது.

வேலை பார்க்கப் படகைப் பட்டறைக்குக் கொண்டுவர, பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கினோம். அது வெளி எஞ்சின் படகுக்கென்று செய்தது. வெளி எஞ்சினை மேலே தூக்கிவிடலாம். உள் எஞ்சின் படகிலோ ஷாஃப்ட், ப்ரொப்பல்லர், சுக்கான் மூன்றும் அடியிலேயே நிற்கும். ஏற்றும்போது பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் ப்ரொப்பல்லர் இடித்தது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. கடலில் இறக்கியதும் படகே அதிர்ந்தது. ஷாஃப்ட்டைக் கழற்றி லேத்தில் மாட்டி, டயல் கேஜ் வைத்துச் சுற்றினோம். முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை; ஷாஃப்ட் வளைந்திருந்தது. “அண்ணே, மேல அளவு எடுத்தீங்க, அடியில எடுத்தீங்களா?” என்றார் லேத்காரத் தம்பி.

அடுத்த ட்ரெய்லரை நாங்களே செய்தோம். கற்றுக்கொண்டவை இவை.

அடி அளவு: படகின் அடி நடுவே நீளமாக ஓடும் ஏராக்கட்டைக்குக் கீழே ப்ரொப்பல்லரும் சுக்கானும் எவ்வளவு இறங்குகின்றன என்று அளந்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் குறுக்குச் சட்டம் தாழ்ந்திருக்க வேண்டும். படகு குலுங்கினாலும் இடிக்காதபடி ஒரு கையகலமாவது இடைவெளி வேண்டும்.

எடை: விற்றவர் சொன்னது வெறும் படகின் எடை. எஞ்சின், டீசல், கயிறு, நங்கூரம் எல்லாம் சேர்த்து எடைமேடையில் ஏற்றியபோது 1,450 கிலோ. 100 லிட்டர் டீசலே 80 கிலோவுக்கு மேல். ட்ரெய்லரின் எடையையும் கூட்டி, இழுக்கும் வண்டி தாங்குமா என்று பாருங்கள்.

சமநிலை: உள் எஞ்சினின் பாரம் படகின் நடுப்பக்கம் விழும். ஆக்சிலின் இடத்தை அதற்கேற்ப வைக்க வேண்டும். மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் கொக்கியில் இறங்கினால் நல்லது. குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடும். தஞ்சாவூர் சாலையில் செங்கிப்பட்டிக்கு முன்னாலேயே அதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

தாங்கல்: பாரத்தை ஏராக்கட்டை சுமக்கட்டும். இரு பக்கமும் நீளமான மரத் தாங்கல்கள், எஞ்சின் படுகைக்கு நேர் கீழே வருமாறு இருக்கட்டும். பாரம் ஓரிரு புள்ளிகளில் மட்டும் விழுந்தால் ஃபைபர் உள்வாங்கும்.

துரு: பெயின்ட் உப்புத் தண்ணீருக்கு நிற்காது. வெல்டிங் முழுவதையும் முடித்த பிறகு கால்வனைசிங் செய்யுங்கள். பெட்டிக்குழாய் என்றால் காற்றுத் துளை கட்டாயம். மூடிய குழாயைச் சுமார் 450 டிகிரி துத்தநாகத்தில் முக்கினால் வெடிக்கும். உப்புத் தண்ணீர் உள்ளே தங்காது என்பதால் நான் திறந்த சேனலையே எடுத்தேன்.

பேரிங்: பட்டுக்கோட்டை வழியாக ஓடி வந்த சூட்டோடு சக்கரத்தைத் தண்ணீரில் இறக்காதீர்கள். சூடான ஹப் சட்டென்று குளிரும்போது தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆறவிட்டு இறக்குங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸைப் பாருங்கள்.

சட்டப்படி ட்ரெய்லரும் மோட்டார் வாகனமே. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்யாமல் சாலையில் ஏற்றாதீர்கள்.

விலை பேசப் போகும் முன், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு படகுக்குக் கீழே ஒருமுறை படுத்துப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தை நான் செலவழித்திருந்தால் மச்சானின் ஷாஃப்ட் தப்பித்திருக்கும்.