மருத்துவத் துணைப் பணிகள்: படிப்பும் எதிர்காலமும்

ஒரு நாட்டின் மருத்துவ வசதியை மதிப்பிடும்போது மருத்துவர்களின் எண்ணிக்கையையும் மருத்துவமனைப் படுக்கைகளின் எண்ணிக்கையையும் கணக்கிடுவது நெடுநாளைய வழக்கம். ஆனால் மருத்துவர் எழுதித் தரும் சீட்டுக்கும் நோயாளி அடையும் குணத்துக்கும் இடையே வேறு பலருடைய உழைப்பு இருக்கிறது. இரத்தத்தையும் சளியையும் சோதிப்பவர், எக்ஸ்ரே படம் எடுப்பவர், அறுவைக் கூடத்தில் மயக்க மருந்துக் கருவியைக் கவனிப்பவர், கண்பார்வையை அளப்பவர், முடங்கிய காலுக்குப் பயிற்சி அளிப்பவர், உணவு முறையை வகுப்பவர் ஆகியோர் அவ்வரிசையில் அடங்குவர். இவர்கள் ஆற்றுவனவே மருத்துவத் துணைப் பணிகள் எனப்படுகின்றன.

பொருளாதார நோக்கில் இப்பணிகளுக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஒரு சமுதாய நல நிலையத்தில் எக்ஸ்ரே கருவி நிறுவப்பட்டு, அதை இயக்குவோர் பணியிடம் காலியாக இருக்குமானால், கருவிக்குச் செலவிட்ட பணம் முடங்கிய முதலீடாகிவிடுகிறது. மருத்துவரின் நேரமும் ஓரளவு வீணாகிறது. நோயாளி பேருந்துக் கட்டணம் கொடுத்து நகரத்துக்குச் செல்கிறார். ஒரு நாள் கூலியையும் இழக்கிறார். மருத்துவரும் கருவியும் துணைப் பணியாளரும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் காரணிகள். மூன்றில் ஒன்று குறைந்தால் மற்ற இரண்டின் பயனும் குறைந்துவிடும்.

வளர்ச்சியின் வரலாறு

1943-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட போர் குழு தனது அறிக்கையை 1946-இல் அளித்தது. அன்றைய இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவரும், 43,000 பேருக்கு ஒரு செவிலியரும், 40 இலட்சம் பேருக்குத் தகுதி பெற்ற ஒரு மருந்தாளுநரும் மட்டுமே இருந்ததாக அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. மருத்துவரின் பற்றாக்குறையைக் காட்டிலும் அவருக்குத் துணை நிற்போரின் பற்றாக்குறை பன்மடங்கு அதிகம் என்பது அப்போதே புலனாயிற்று.

விடுதலைக்குப் பின் பயிற்சி நிலையங்கள் படிப்படியாகத் தோன்றின. 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் அம்மையாரின் முயற்சியால் செயல்முறை மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. இளம்பிள்ளை வாதம் அந்நகரைத் தாக்கியதை அடுத்து, 1953-இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு இயன்முறை மருத்துவப் பயிற்சியும் அங்கு ஏற்பட்டது. பேச்சு, செவித்திறன் ஆகியவற்றுக்கான அகில இந்திய நிறுவனம் 1965-இல் மைசூரில் அமைந்தது. 1976-இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கண் மருத்துவ உதவியாளர் என்ற புதிய பணியாளரைக் கொண்டுவந்தது.

மருத்துவத்துக்குத் துணையாக நிற்கும் மனித ஆற்றலைப் பற்றி ஸ்ரீவாஸ்தவ் குழு 1975-இல் விரிவாக ஆராய்ந்தது. பின்னர் வந்த பஜாஜ் குழு, மேல்நிலைக் கல்வியிலேயே சுகாதாரம் சார்ந்த தொழிற்கல்வியைப் புகுத்த வேண்டும் எனப் பரிந்துரைத்தது. எனினும் தேவை, பயிற்சியை விட வேகமாக வளர்ந்தது. 2012-இல் மத்திய சுகாதார அமைச்சகத்துக்காகத் தயாரிக்கப்பட்ட அறிக்கை ஒன்று, நாட்டில் இத்தகைய பணியாளர்களின் பற்றாக்குறை ஏறத்தாழ 64 இலட்சம் என மதிப்பிட்டது.

பணியின் தன்மை

துணைப் பணி என்ற சொல் சிலருக்கு எளிய வேலை என்ற எண்ணத்தைத் தரக்கூடும். காசநோய்ச் சளிச் சோதனையை எடுத்துக்கொண்டால் உண்மை விளங்கும். 1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கிய காலம் முதல் நோயைக் கண்டறியும் பணி பெரிதும் ஆய்வுக்கூட நுட்பாளரையே சார்ந்திருந்தது. அவர் கண்ணாடித் தகட்டில் சளியைச் சீராகப் பரப்பி, உலர்த்தி, கார்பால் ஃபுக்சின் சாயமிட்டுச் சூடாக்குகிறார். பின்பு கந்தக அமிலத்தால் சாயத்தை நீக்கி, மெதிலீன் நீலம் ஏற்றுகிறார். காசநோய்க் கிருமிகள் மட்டும் அமிலத்துக்கு இணங்காமல் சிவப்பாகவே நிற்கும்.

நுண்ணோக்கியில் குறைந்தது 100 காட்சிப் புலங்களைப் பார்த்த பின்னரே கிருமி இல்லை என்று எழுத வேண்டும் என்பது விதி. 20 புலங்களோடு நிறுத்திக்கொண்டால் அந்தத் தவற்றை மருத்துவரால் கண்டுபிடிக்க இயலாது. தாளில் எழுதியதையே அவர் நம்புகிறார். நோயாளி மருந்தின்றி வீடு திரும்புவார். அவருடைய குழந்தைகளுக்கும் நோய் தொற்றும். இன்று மூலக்கூறுச் சோதனைக் கருவிகள் பரவி வருகின்றன. ஆயினும் எச்சில் அல்லாத நல்ல சளியைப் பெறுவதும், மாதிரிகள் மாறாமல் குறியிடுவதும், கருவியின் பிழையை உணர்வதும் மனிதரின் பொறுப்பாகவே இருக்கின்றன.

ஏனைய துறைகளும் இத்தகையனவே. எக்ஸ்ரே படம் எடுப்பவர் நோயாளியைத் தவறான நிலையில் கிடத்தினால் மீண்டும் படமெடுக்க நேரும். நோயாளி பெறும் கதிர்வீச்சும் இரட்டிப்பாகும். இரத்தச் சுத்திகரிப்பில் ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 120 லிட்டர் தூய நீர் கருவியின் வழியே செல்கிறது. அந்நீரின் தரத்தைக் கண்காணிப்பது நுட்பாளரின் கடமை. எனவே கவனம், நேர்மை, நோயாளியிடம் பரிவு ஆகிய மூன்றும் இத்துறையில் நுழைவோருக்கு முதல் தகுதிகள் எனலாம்.

படிப்புகளும் புதிய சட்டமும்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களைப் படித்தவர்கள் பெரும்பாலான படிப்புகளில் சேரலாம். பட்டயப் படிப்பு பொதுவாக இரண்டு ஆண்டுகள் நடைபெறும். பட்டப் படிப்புகள் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் நீடிக்கும். இயன்முறை மருத்துவம் போன்றவை மருத்துவமனைப் பயிற்சியையும் சேர்த்து அதற்கு மேலும் நீளும். உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்கூறு ஆகிய அடிப்படைப் பாடங்கள் பலவற்றுக்கும் பொதுவானவை.

செவிலியர்களுக்கு 1947-இலும், மருந்தாளுநர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் 1948-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1992-ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் குழுமச் சட்டம் செவித்திறன், செயற்கை உறுப்பு போன்ற துறையினருக்கு வழி செய்தது. ஆய்வுக்கூட நுட்பாளர், எக்ஸ்ரே நுட்பாளர் முதலியோருக்கு அகில இந்திய அளவில் சட்டம் இல்லை. 2007-இல் கொண்டுவரப்பட்ட மசோதாவும் நிறைவேறவில்லை. இதனால் ஒரே பெயருள்ள படிப்பு ஓரிடத்தில் ஆறு மாதமாகவும் வேறோரிடத்தில் மூன்று ஆண்டுகளாகவும் நடைபெறும் நிலை உருவாயிற்று.

இக்குறையைப் போக்க 2021-இல் நாடாளுமன்றம் தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆய்வுக்கூட அறிவியல், இயன்முறை மருத்துவம், செயல்முறை மருத்துவம், கண் அறிவியல், ஊட்டச்சத்து, கதிரியக்கப் படமெடுப்பு, மருத்துவ ஆவணப் பராமரிப்பு உள்ளிட்ட 10 பிரிவுகள் இதன் கீழ் வருகின்றன. துணைப் பணியாளராகத் தகுதி பெறக் குறைந்தது 2,000 மணி நேரமும், சுகாதாரத் தொழில் வல்லுநராகத் தகுதி பெறக் குறைந்தது 3,600 மணி நேரமும் பயில வேண்டும். மாநிலங்கள்தோறும் குழுமங்கள் அமைத்துப் பெயர்ப் பதிவேடு பேணவும் சட்டம் வகை செய்கிறது. நடைமுறைப்படுத்துவதில் ஏற்பட்ட தாமதத்தால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் காலக்கெடு விதித்தது குறிப்பிடத்தக்கது.

வேலை வாய்ப்புகள்

மாநில அரசு மருத்துவமனைகள், இரயில்வே, தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனைகள், இராணுவ மருத்துவப் பிரிவு, அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகங்கள் ஆகியவை இத்துறையினருக்கு வேலை அளிக்கின்றன. தனியார் மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடங்களும் பெருகியுள்ளன. 2016-இல் அறிவிக்கப்பட்ட தேசிய இரத்தச் சுத்திகரிப்புத் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளிலும் நுட்பாளர்களின் தேவையை உண்டாக்கியது. கண்பார்வை அளப்பவர், இயன்முறை மருத்துவர், உணவியலார் ஆகியோர் சொந்தமாகவும் தொழில் நடத்தலாம். பட்ட மேற்படிப்பு முடித்தவர்களுக்கு ஆசிரியப் பணியும் ஆராய்ச்சியும் காத்திருக்கின்றன.

வாய்ப்புகளைக் கூறும்போது குறைகளையும் கூறுவது முறை. அரசுத் திட்டங்களில் பலர் ஒப்பந்த அடிப்படையிலேயே அமர்த்தப்படுகின்றனர். சிறிய தனியார் ஆய்வுக்கூடங்களில் தகுதி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் ஊதியத்தில் அதிக வேறுபாடு இருப்பதில்லை. தகுதியற்றவரைக் குறைந்த கூலிக்கு அமர்த்த இடமிருக்கும் வரை, முறையாகப் படித்தவரின் ஊதியம் உயராது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

படிப்பில் சேருமுன் மாணவரும் பெற்றோரும் சிலவற்றை விசாரித்துக்கொள்வது நலம். முதலாவதாக, அப்படிப்பு எந்தப் பல்கலைக் கழகத்தின் அல்லது அரசு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றது, அது மாநிலக் குழுமத்தில் பதிவு செய்ய ஏற்றதா என்பதைக் கேட்டறிய வேண்டும். இரண்டாவதாக, அந்நிறுவனத்துக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, இல்லையெனில் செயல்முறைப் பயிற்சி எங்கு அளிக்கப்படுகிறது என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி பிடிக்காமல் இரத்தம் எடுக்கக் கற்க இயலாது. இதன் பொருட்டே, 2025 கல்வியாண்டு முதல் இச்சட்டத்துக்கு உட்பட்ட படிப்புகளைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது எனப் பல்கலைக் கழக மானியக் குழு அறிவித்தது. மூன்றாவதாக, பட்டயம் பெற்றவர் பிற்காலத்தில் பட்டப் படிப்பில் சேர வழியுண்டா என்பதை அறிய வேண்டும். வழியில்லாத படிப்பு முதல் வேலையைத் தரலாம். இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவரை அதே நாற்காலியில் இருத்திவிடும்.

அரசின் கடமை

பயிற்சி இடங்களைப் பெருக்குவது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. மத்திய அரசு வெளியிட்டு வந்துள்ள கிராமச் சுகாதாரப் புள்ளிவிவரங்கள், ஆய்வுக்கூட நுட்பாளர், எக்ஸ்ரே நுட்பாளர் பணியிடங்களில் நிரப்பப்படாதவற்றை ஆண்டுதோறும் காட்டின. ஒருபுறம் வேலை தேடும் இளைஞர், மறுபுறம் ஆளில்லாத பணியிடம் என்ற முரண்பாடு, பணி நியமனமும் பதவி உயர்வும் சரிவர அமையாததன் விளைவாகும். கிராமப்புறத்தில் பணியாற்றுவோருக்குக் குடியிருப்பும், காலமுறைப் பதவி உயர்வும், மேற்படிப்புக்கு முன்னுரிமையும் அளித்தால் இந்நிலை மாறும். கருவி வாங்க நிதி ஒதுக்கும் ஒவ்வொரு திட்டமும் அதை இயக்குபவருக்கான பணியிடத்தையும் ஊதியத்தையும் அதே மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்வது நன்று.

சரியான சோதனை முடிவு நோயாளியின் உரிமை. அதைத் தருபவருக்கு முறையான கல்வியும், பதிவும், நிலையான பணியும் கிடைக்கச் செய்வதன் மூலமே அவ்வுரிமையை நிலைநாட்ட முடியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நுட்பாளரின் பணியிடத்தை நிரப்புவது, நகரத்தில் புதிய கட்டடம் எழுப்புவதை விடக் குறைந்த செலவில் மக்களுக்கு உடனடிப் பயன் தரக்கூடிய செயல். இதை உணர்ந்து திட்டமிடும் மாநிலம், தன் இளைஞர்களுக்கு வேலையையும் கிராமங்களுக்கு மருத்துவத்தையும் ஒருங்கே வழங்கும்.