எழும்பூர்: விரைவும் நிறுத்தமும்

நுழையும்முன்

வரைபடம் தொலைவைக் கிலோமீட்டரில் காட்டும். பயணம் செய்பவரோ அதனை மணிக்கணக்கில்தான் அறிவார். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலான இருப்புப்பாதையின் நீளம் பெரிதாக மாறவில்லை. அதனைக் கடக்கும் நேரம் மாறியிருக்கிறது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, யாருக்கு எட்டியது என்பவற்றை எழும்பூர் நிலையத்தின் வழியே இப்பாடம் காட்டுகிறது.

தெற்கின் வாயில்

தமிழகத்தின் முதல் தொடர்வண்டி 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது. வடக்கும் மேற்கும் செல்லும் வண்டிகளுக்குச் சென்னை சென்ட்ரல் 1873இல் தலைவாயிலாயிற்று. தெற்கு நோக்கிச் செல்லும் வண்டிகளுக்கென அமைந்தது எழும்பூர். கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் வடிவமைக்க, பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர் சாமிநாதப் பிள்ளை ஏறத்தாழ 17 இலட்சம் ரூபாய்ச் செலவில் கட்டி முடித்த இந்நிலையம், 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்டது. செந்நிறச் சுவர்களும் வெண்ணிறக் குவிமாடங்களும் கொண்ட இந்தோ-சாரசெனிக் பாணிக் கட்டடம் இது.

தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து கப்பலேறி இலங்கையின் தலைமன்னாரை அடைவோரும் எழும்பூரிலேயே வண்டி ஏறினர். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அவ்வழி முடிவுக்கு வந்தது.

பாதையில் பிறக்கும் வேகம்

எழும்பூரிலிருந்து தெற்கே சென்றவை நெடுங்காலம் மீட்டர் பாதைகளே. இரு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் மட்டுமே இருப்பதால், வேகம் கூடும்போது பெட்டியின் நிலைப்பும் குறையும். இந்த வரம்புக்குள் நின்றே 1977 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்ட வைகை விரைவு வண்டி, பகற்பொழுதிலேயே மதுரைக்கும் சென்னைக்கும் இடையே மக்களைக் கொண்டு சேர்த்தது. இன்று அதனை நினைப்போர் வியப்பது வேகத்தை மட்டுமன்று. அத்தனை குறுகிய பாதையில் அது இயன்றதைத்தான்.

பின்னர் 1.676 மீட்டர் இடைவெளி கொண்ட அகலப்பாதை வந்தது, மின்கம்பிகள் வந்தன, ஒற்றைப்பாதை இரட்டைப்பாதையானது. ஒற்றைப்பாதையில் எதிர்வரும் வண்டிக்கு வழிவிட, விரைவு வண்டியும் ஏதேனும் ஒரு சிறு நிலையத்தில் காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நீங்கியதே, புதிய வண்டிகளுக்கு வழிசமைத்தவற்றுள் முதன்மையானது. பாதை ஆயத்தமாகாமல் வண்டியை மட்டும் மாற்றுவதால் பயனில்லை.

2023 செப்டம்பர் 24 அன்று எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத் வண்டி தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தொலைவை எட்டு மணி நேரத்திற்குள் அது கடந்தது. இவ்வகை வண்டிகள் முதலில் உருவானது சென்னைப் பெரம்பூரிலுள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில். தனி எஞ்சின் இதற்கில்லை. இழுவிசை தரும் மின்னோடிகள் பெட்டிகளுக்கு அடியிலேயே பகிர்ந்து பொருத்தப்பட்டுள்ளன. எனவே புறப்பட்ட சிறிது நேரத்திலேயே வேகம் பிடிக்க முடிகிறது. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், எழும்பூர் போன்ற முனையங்களில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலையும் இல்லை.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானின் டோக்கியோ–ஒசாகா அதிவேகப் பாதை 1964 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. தொடக்கத்திலேயே மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் எட்டப்பட்டது. இந்தியாவில் அத்தகைய தனிப்பாதை மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டர் நீளத்தில் அமைக்கப்படுகிறது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்திற்கு வடிவமைக்கப்பட்ட வந்தே பாரத், பிற வண்டிகளும் ஓடும் பாதையிலேயே, அப்பாதைக்கு உரிய வேக வரம்புக்கு உட்பட்டு ஓடுகிறது.

நில்லாமல் செல்லும் ஊர்கள்

வேகத்திற்கு இன்னொரு விலையும் உண்டு, அது நிறுத்தம். ஓரிடத்தில் இரண்டு நிமிடம் நிற்கும் வண்டி இழப்பது இரண்டு நிமிடம் மட்டுமன்று. வேகத்தைக் குறைக்கவும் மீண்டும் கூட்டவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆகவேதான் திருநெல்வேலி வண்டிக்குத் தொடக்கத்தில் விழுப்புரத்தை விட்டால் அடுத்த நிறுத்தம் திருச்சிராப்பள்ளி என அமைந்தது.

இவ்விரு நகரங்களுக்கும் இடையே அவ்வண்டி உளுந்தூர்ப்பேட்டையைக் கடக்கிறது. அப்பகுதியைச் சேர்ந்த சிற்றூர் களமருதூர். அங்கிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ மேற்படிப்புக்குச் செல்லும் மாணவி ஒருத்தி இவ்வண்டியில் ஏற விரும்பினால், முதலில் பேருந்தில் வடக்கே விழுப்புரம் செல்ல வேண்டும். பின்னர், தான் வந்த திசைக்கே திரும்பித் தன் ஊருக்கு அருகிலேயே தெற்கு நோக்கி விரைய வேண்டும். வண்டி மிச்சப்படுத்தித் தந்த நேரத்தில் ஒரு பகுதியைப் பேருந்து நிலையம் வாங்கிக்கொள்கிறது. கட்டணமும் சாதாரண விரைவு வண்டியைவிடக் கூடுதல்.

ஊர்தோறும் நிறுத்தினால் இது விரைவு வண்டியாக இராது என்பதும் உண்மையே. குறை வண்டியில் இல்லை. அதனோடு கைகோக்க வேண்டிய இணைப்பு வண்டிகளும் பேருந்துகளும் நேரம் பொருந்தி வாராமையில் இருக்கிறது. ஜப்பானில் விரைவு வண்டி வந்து சேரும் நிலையத்திலேயே சிற்றூர் செல்லும் வண்டியும் காத்திருக்கக் காணலாம்.

கல்வராயன் மலையடிவாரத்தின் நிலை சற்று வேறு. மலையிலிருந்து இறங்கி வருவோருக்குத் தொடர்வண்டி என்றால் சின்னசேலம்தான். விருத்தாசலம்–சேலம் பாதையிலுள்ள அந்நிலையம் வழியே எழும்பூர்–சேலம் விரைவு வண்டி இரவில் செல்கிறது. அதில் ஏறியவர் வண்டி மாறாமலே விடியலில் எழும்பூரில் இறங்கலாம். வேகத்தில் வந்தே பாரத்துக்கு ஈடாகாத அவ்வண்டி, அம்மக்களுக்குத் தலைநகரை அதனினும் அருகில் கொண்டுவருகிறது.

எழும்பூர் நிலையத்தை 734.91 கோடி ரூபாய் மதிப்பில் மறுசீரமைக்கும் பணிக்கு 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய கட்டடத்தைக் காத்து, அதனோடு புதிய முனையக் கட்டடங்களைச் சேர்ப்பது திட்டம். 2019 நவம்பர் 26 முதல் மாவட்டத் தலைநகராக விளங்கும் கள்ளக்குறிச்சியையும் இருப்புப்பாதையோடு இணைக்கத் திட்டமுண்டு. சின்னசேலத்திலிருந்து அங்குச் செல்லும் அப்புதிய பாதையின் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர்.