தேய்ந்த ரூபாய்களை விற்பதா, மாற்றுவதா?

பாட்டனார் காலத்துப் பெட்டியிலிருந்து கிடைத்த விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் ரூபாய்கள் முகம் மழுங்கித் தேய்ந்திருக்குமாயின், அவற்றை விற்றுவிடுவதா, அல்லது ஒவ்வொன்றாகத் தெளிவான நாணயங்களால் மாற்றிக்கொள்வதா என்று தீர்மானிக்குமுன் தராசை எடுப்பதே முதற்காரியம். 1939 வரை அடித்த ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடையும், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளியும் உடையது. 1940-இன் நாணயத்தில் வெள்ளி பாதியே. 1947-இன் ரூபாயோ வெறும் நிக்கல்.

சாதாரண வருஷத்து நாணயம் மிகவும் தேய்ந்திருந்தால் வெள்ளி விலைக்கு மேல் அதற்கு அதிக மதிப்பு ஏறுவதில்லையாகையால், அத்தகையவற்றை ஒட்டுமொத்தமாக விற்று, அந்தத் தொகைக்கு நல்ல நாணயம் ஒன்றே ஒன்று வாங்குவதுதான் என் அபிப்பிராயத்தில் விவேகம். ஆனால் வருஷத்தைப் பாராமல் விற்பது பேதைமை. 1911-இன் ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் உருவத்தின் அங்கியிலிருந்த யானை பன்றியைப்போல் தோன்றுகிறதென்று ஆட்சேபம் கிளம்பவே, அடித்தவற்றில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. அவ்வருஷத்து ரூபாயும், அதனினும் அபூர்வமான 1939-ஆம் வருஷத்து ரூபாயும் தேய்ந்திருந்தாலும் விலைபோகும். 1862 என்ற பொறிப்போ பழமையால் மயக்குவது. அதே வருஷத்தைப் பொறித்தே 1874 வரை அடித்துக் குவித்தார்கள்!

விற்பதாயினும் வைத்துக்கொள்வதாயினும், புளியிட்டு விளக்கிப் பளபளப்பாக்க வேண்டாம். விஷயமறிந்தவர் அதைத் தொடமாட்டார். அடிக்கடி மாற்றுவதிலும் நஷ்டமுண்டு. வியாபாரி வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு முறையும் நம் கையிலிருந்தே போகிறது.