தஞ்சைக் கட்டாரிகள்

மேலைநாட்டுப் பழம்படைக்கலச் சந்தைகளில் தென்னாட்டுக் கட்டாரிகளைத் தேடி வாங்குவோர் உளர். அப்படி என்ன சிறப்பு அவற்றுக்கு?

கட்டாரியின் பிடி வாளின் பிடி போன்றதன்று. இணையான இரு கம்பிகளுக்கிடையே குறுக்குக் கம்பிகள் உள்ளன. அவற்றைக் கைமுட்டியால் பற்றினால் அலகு முன்கையின் நேர்க்கோட்டில் நீளும். ஆதலின் குத்தும் விசை தோளிலிருந்தே வருகிறது. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் புறங்கையைக் கவிந்து காக்கும் தகடும் உண்டு. அலகையும் உற்று நோக்குக! பலவற்றில் அது ஐரோப்பிய வாளின் துண்டு. கடல் கடந்து வந்த அலகைத் தறையாணியிட்டுத் தம் பிடியில் பொருத்தியவர் நம் கொல்லர். அயல்நாட்டு இரும்பு, நம் நாட்டு வடிவம்!

1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தார். தஞ்சை அரசும் முடிந்தது. அரண்மனைப் படைக்கலங்களுள் சில சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. பெரும்பகுதியோ 1860களில் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளையும் இவ்வாறே உடைத்துச் சாலைக்கு இட்டிருந்தால், பராந்தகன் காலத்துக் குடவோலை முறையை நாம் எங்ஙனம் அறிந்திருப்போம்?

100 ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதற்கு முன்னரே போனவை போனவைதாம். எழும்பூருக்கு வந்தவற்றைக் காண, நம் ஊரிலிருந்து காலையில் புறப்பட்டால் இரவுக்குள் திரும்பிவிடலாம்.