மனைப் பொருளியல்: தோலுடன் வாட்டிய கோழித் தொடை – போசணையும் சுவையும்

கோழியிறைச்சியில் கொழுப்புக் கூடிய பகுதிகளுள் தொடையும் ஒன்றாகும். தோலுடன் போறணையில் வாட்டும்போது வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் கிடைக்கின்றன. இச்சுவைக்குத் துணைபுரியும் கொழுப்பே அதன் சக்திப் பெறுமானத்தையும் உயர்த்துகின்றது.

1. போசணை (வாட்டிய 100 கிராமில், அண்ணளவாக)

• தோலுடன் தொடை: புரதம் 24 கிராம், கொழுப்பு 15 கிராம்
• தோல் நீக்கிய நெஞ்சு: புரதம் 31 கிராம், கொழுப்பு 4 கிராம்

தொடைத் தசை அதிகம் இயங்குவதால் ஒட்சிசனைச் சேமிக்கும் மையோகுளோபின் அதில் கூடுதலாக உண்டு. அதனாலேயே இறைச்சி கருமையாகத் தோன்றுகின்றது. நெஞ்சுப் பகுதியிலும் பார்க்க இதில் நாகம் ஏறத்தாழ இரு மடங்காகும். இரும்பும் சற்றுக் கூடுதலாகும். கோழிக் கொழுப்பின் பெரும்பகுதி நிரம்பாத கொழுப்பமிலங்களாகும். எனினும் நார்ப்பொருள் இதில் இல்லை. ஆகவே மரக்கறிகளுடன் சேர்த்து உண்ண வேண்டும்.

2. சுவைக்கான காரணங்கள்

(அ) தொடையிலுள்ள கொலாஜன் வெப்பத்தால் ஜெலற்றினாக மாறுவதால் இறைச்சி மிருதுவாகும்.
(ஆ) தோலின் கீழுள்ள கொழுப்பு உருகி வடிவதால் தோல் மொறுமொறுப்பாகும். இறைச்சியும் எளிதில் உலராது.
(இ) அமினோவமிலங்களும் தாழ்த்தும் வெல்லங்களும் உயர் வெப்பத்தில் தாக்கமுற்றுப் பொன்னிறத்தையும் நறுமணத்தையும் தரும். இது மெயிலாட் தாக்கம் எனப்படும். ஈரமான தோலில் இது தாமதமாகும். எனவே வாட்டுமுன் தோலின் ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும்.

3. பாதுகாப்பு

சல்மொனெல்லா போன்ற பற்றீரியாக்கள் அழிவதற்கு இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியசை அடைதல் வேண்டும். தொடையை 80 பாகைக்கு மேல் வாட்டினால் கொலாஜன் மேலும் இளகும். ஆனால் நெஞ்சிறைச்சி அவ்வெப்பநிலையில் உலர்ந்துவிடும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையைக் கழுவாது வேறு உணவுக்குப் பயன்படுத்தலாகாது.

4. மாதிரி வினா

தோலுடன் வாட்டிய 100 கிராம் தொடை இறைச்சியின் சக்தியில் எத்தனை சதவீதம் கொழுப்பிலிருந்து கிடைக்கின்றது?

விடை:
புரதம்: 24 × 4 = 96 கிலோகலோரி
கொழுப்பு: 15 × 9 = 135 கிலோகலோரி
மொத்தம்: 231 கிலோகலோரி
கொழுப்பின் பங்கு: 135 ÷ 231 × 100 = ஏறத்தாழ 58%

கொழுப்பின் நிறை புரதத்திலும் குறைவாயினும் அது தரும் சக்தி கூடியது என்பதைக் கவனிக்குக.

நினைவிற் கொள்க: கொழுப்பைக் குறைக்க விரும்புவோர் தோலை நீக்கிய பின்னரே வாட்ட வேண்டும் என எழுதுவது தவறாகும். தோலுடன் வாட்டினாலும் இறைச்சியினுள் கொழுப்பு அதிகம் ஊடுருவுவதில்லை. வாட்டிய பின் உண்ணும்போது தோலை நீக்கினாற் போதும். மென்மையும் கெடாது, கொழுப்பும் குறையும்.