கண்ணாடியை மூடிவிட்டு இசைப்பிரதியைத் திற

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். சாரீரத்துக்கும் சுருதிக்கும் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு, ‘பாவம் போதவில்லை’ என்று தேர்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அதிலிருந்து நீ தினமும் கண்ணாடி முன் நின்று, புருவத்தை எங்கே உயர்த்துவது, கையை எப்போது நெஞ்சில் வைப்பது என்று பார்த்துப் பார்த்துப் பழகுகிறாய். நடிப்புப் பயிற்சி வகுப்பில் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறாய்.

நடிப்பு வகுப்புக்குப் போவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தக் கண்ணாடியை விட்டு வெளியே வா.

என் காலமெல்லாம் ஓபரா பாடுகிறவர்களுக்குப் பியானோ வாசித்தே கழிந்தது. மேடையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய முதுகும் தோளும் மூச்சும்தான். அவர்கள் முகத்தில் என்ன நடந்தது என்று நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் யார் அந்தப் பாத்திரமாகவே பாடினார்கள், யார் வெறும் ஸ்வரங்களைப் பாடினார்கள் என்பது இரண்டே வரியில் தெரிந்துவிடும். முகத்தைப் பார்க்காமலே தெரிகிற அந்த ஒன்றைத்தான் உன் தேர்வாளர்கள் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஓபரா பாடகி மரியா காலாஸ் நியூயார்க்கில் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் எடுத்த வகுப்புகளின் ஒலிப்பதிவு இருக்கிறது. ஜான் ஆர்டாயின் அவற்றைப் புத்தகமாகவும் தொகுத்திருக்கிறார். உன் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பார், இல்லாவிட்டால் நான் வாங்கி அனுப்புகிறேன். அந்த வகுப்புகள் 1971 அக்டோபரில் தொடங்கி 1972 மார்ச்சில் முடிந்தன. சுமார் 300 பேரைக் கேட்டுப் பார்த்து, ஏறத்தாழ 25 இளம் பாடகர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வகுப்பு நடந்ததோ மேடையில், அரங்கம் நிறைந்த பார்வையாளர்களுக்கு முன்னால். காலாஸ் ஓபரா மேடையை விட்டு அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1965 ஜூலையில் லண்டன் கோவென்ட் கார்டனில் பாடிய ‘டோஸ்கா’தான் அவருடைய கடைசி ஓபரா. அப்போது அவருக்கு வயது 41.

உலகமே அவரை நடிப்புக்காகக் கொண்டாடியது. அதனால் அந்த வகுப்புகளில் நடிப்பைச் சொல்லித் தருவார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். கேட்டுப் பார், எவ்வளவு குறைவாக அதைப் பற்றிப் பேசுகிறார் என்று. இந்த ஸ்வரத்தின் நீளம் எவ்வளவு, இந்தச் சொல்லின் மெய்யெழுத்து ஏன் காதில் விழவில்லை, இங்கே ஏன் மூச்சு வாங்கினாய், இசையமைப்பாளர் இங்கே ஏன் நிறுத்தம் வைத்தார்: கேள்வி எல்லாம் இப்படித்தான் போகிறது. உணர்ச்சி வேறு, இசையின் கணக்கு வேறு என்று அவர் நினைத்ததே இல்லை. மோட்சார்ட்டைப் பூனை நடையில் பாடாதே, வெர்டியைப் பாடுகிற அதே துணிவோடு பாடு என்கிறார். அதுவும் கணக்கை விட்டுவிட்டு அல்ல.

இந்தப் பாடம் அவருக்கு வந்த வழியைச் சொல்கிறேன். ஏதென்ஸ் இசைப்பள்ளியில் எல்விரா தெ இதால்கோ என்ற ஸ்பானியப் பாடகியிடம் கற்றார். தன் பாடம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், காலையிலிருந்து மாலைவரை மற்ற மாணவர்களின் வகுப்புகளையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். திறமை குறைந்தவரிடமிருந்தும் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கும் என்று பின்னாளில் சொன்னார். கிட்டப்பார்வை மிகக் கடுமையாக இருந்ததால், மேடையிலிருந்து இசை நடத்துநரின் கையசைவு அவருக்குத் தெரியாது. தன் பாத்திரத்தோடு மொத்த ஓபராவும் காதில் ஏறினால்தான் மேடையில் நிற்கவே முடியும். பிறகு இத்தாலியில் துல்லியோ செராஃபின் என்ற மூத்த நடத்துநர் கிடைத்தார். மேடையில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் இசையைக் கவனி, இசையமைப்பாளர் அதை முன்பே யோசித்து வைத்திருக்கிறார் என்பது செராஃபின் சொன்னது. காலாஸ் பேட்டிகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய நடிப்புக்கு மூலம் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ரெசிடேட்டிவ் பற்றி அவர் சொன்னது உனக்கு உடனே பயன்படும். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் அந்தப் பகுதிகளை முதலில் உனக்குள்ளேயே பேசிப் பார், எந்தச் சொல் விரைகிறது, எது தயங்குகிறது என்று அதில் தெரிந்துவிடும் என்பார். சின்ன வயதில் நீ விருத்தம் பாடக் கற்றாய். தாளம் இல்லாவிட்டாலும் சொல்லே காலப்பிரமாணத்தை நடத்திச் செல்லும் அனுபவம் உனக்குப் புதிதல்ல. பிறகு ஏன் ரெசிடேட்டிவ் வந்ததும் ஆரியா என்னும் தனிப்பாட்டு எப்போது வரும் என்று காத்திருப்பவளைப் போல வேகமாகத் தாண்டுகிறாய்? போன மாதம் நீ அனுப்பிய பதிவில் அது நன்றாகவே கேட்டது. இத்தாலிய இரட்டை மெய்களையும் விழுங்கிவிடுகிறாய். எடு, எட்டு என்று பிரித்துச் சொல்லும் நாக்கு நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. உன் வகுப்பில் பலருக்கு இல்லாத வசதி அது, வீணாக்காதே.

அந்தப் பதிவுகளில் நான் அடிக்கடி திரும்பிப் போவது வெர்டியின் ‘ரிகொலெத்தோ’ வகுப்புக்குத்தான். ஓர் இளம் பாரிடோன், இரண்டாம் அங்கத்தில் ரிகொலெத்தோ அரசவைக்காரர்களைச் சபிக்கும் ஆரியாவைப் பாடுகிறார். தன் மகளைக் கடத்திப் போனவர்கள் அவர்கள்தான், அவள் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்ட தகப்பன். காலாஸ் அவரை இடைமறித்து இடைமறித்துத் திருத்துகிறார். ஒரு கட்டத்தில் ஆண்குரலுக்கு எழுதிய அந்தப் பகுதியைத் தானே பாடிக் காட்டுகிறார். குரல் தேய்ந்துபோயிருந்த வருடங்கள் அவை. இருந்தும் அவர் பாடும்போது, அவமானப்பட்ட ஒரு மனிதர் அந்த மேடைக்கு வந்துவிடுகிறார்.

இசைப்பிரதியை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேள். முதல் பகுதியில் தந்தி வாத்தியங்கள் ஓய்வே இல்லாமல் கொதிக்கின்றன, குரல் அதன்மேல் வெட்டி வெட்டி விழுகிறது. அடுத்து அந்தக் கொதிப்பு அடங்குகிறது. கூட்டத்தில் மருல்லோ என்ற ஒருவனை மட்டும் பெயர் சொல்லி அழைத்துக் கெஞ்சுகிறார், வரிகள் அழுகையில் துண்டாகின்றன. மூன்றாவதில் செல்லோ ஒரு நீண்ட ஓட்டத்தைத் தொடங்க, அதுவரை சபித்த எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார். கோபம், உடைவு, இரப்பு. மூன்றுக்கும் வெர்டி மூன்று விதமான வாத்தியப் போக்கும் மூன்று விதமான வரி நீளமும் கொடுத்துவிட்டார். முதல் பகுதியிலேயே அழத் தொடங்கும் பாடகருக்கு இரண்டாம் பகுதியில் போக இடம் இல்லை. நான் வாசித்த மேடைகளில் இந்த ஆரியா கெட்டது பெரும்பாலும் இதனால்தான். பாடகருக்கு உணர்ச்சி குறைந்ததால் அல்ல, எல்லாவற்றையும் முதல் வரியிலேயே செலவழித்ததால்.

அழகான குரல் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இதற்கு வெர்டியே பதில் சொல்லியிருக்கிறார். அவருடைய ‘மாக்பெத்’ 1847இல் ஃபிளாரன்ஸில் முதன்முதலாக மேடையேறியது. அடுத்த வருடம் நேப்பிள்ஸில் அதே ஓபராவுக்கு லேடி மாக்பெத்தாக யூஜீனியா ததோலினியைப் போட்டார்கள். வெர்டி அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். காரணம் அந்த அம்மாள் மிக நன்றாகப் பாடுகிறார் என்பதுதான்! லேடி மாக்பெத்துக்குத் தெளிந்த குரல் வேண்டாம், கரடுமுரடான, அமுங்கிய, இருண்ட குரல் வேண்டும் என்றார். கொலைக்குப் பிறகு வரும் இருவர் பாட்டும் தூக்கத்தில் நடக்கும் காட்சியும்தான் அந்த ஓபராவின் உயிர் என்று அவர் கருதினார். ஃபிளாரன்ஸில் முதலில் அந்தப் பாத்திரத்தைப் பாடிய மரியான்னா பார்பியெரி-நீனி பின்னாளில் நினைவுகூர்ந்தது இன்னும் வியப்பு. பாட்டு என்பதைவிடப் பேச்சு என்று தோன்றவேண்டும் என்பதற்காக, அந்த இருவர் பாட்டை வெர்டி 150 தடவைக்கு மேல் ஒத்திகை பார்க்க வைத்தாராம். உதடு அசையாமல் தூக்கத்தில் பேசுகிறவர்களைப் போலப் பாட அந்த அம்மாள் மூன்று மாதம் பழகினாராம். காலாஸ் 1952 டிசம்பரில் மிலான் லா ஸ்காலாவில் லேடி மாக்பெத்தாகப் பாடிய பதிவைக் கேட்டால், வெர்டி அந்தக் கடிதத்தில் எதைக் கேட்டார் என்பது விளங்கும்.

ஆனால் இங்கே ஒரு கண்டிப்பு. நீ லேடி மாக்பெத் பக்கம் இப்போது போகக் கூடாது. காலாஸின் ஒலியை நகல் எடுக்கவும் கூடாது. அந்த இருண்ட கீழ் ஸ்தாயியைப் பிடிக்க நினைத்து நெஞ்சுக் குரலை மேலே இழுத்து இழுத்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு நான் வாசித்திருக்கிறேன். அந்த வலி எனக்கு இன்னும் இருக்கிறது. அவர் குரல் ஏன் அவ்வளவு சீக்கிரம் தளர்ந்தது என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இசைப்பிரதியைப் படிக்கும் முறை, குரலின் நிறம் அல்ல. விம்மல், மூச்சிரைப்பு, சொல்லைத் துப்புவது இவற்றை உணர்ச்சி என்று யாராவது சொல்லித் தந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடு. அழுகிறவளுக்குத் தொண்டை அடைக்கும், பாட வராது. அழ வேண்டியவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, உன் அடுத்த பாட்டுக்கு வருவோம். புச்சினியின் ‘ஜான்னி ஸ்கிக்கி’யில் லாரெட்டா தன் அப்பாவிடம் கெஞ்சும் ஆரியா. ‘ஓ மியோ பாபினோ காரோ’ என்றால் ஓபராவே கேட்காதவர்களுக்கும் தெரியும், அதுதான் அதன் துரதிர்ஷ்டம். கச்சேரிகளில் பெரும் சோகப் பாட்டாக இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். இது 1918இல் வந்த ஒரு நகைச்சுவை ஓபரா. லாரெட்டாவுக்கு வயது 21 என்று புச்சினியே இசைப்பிரதியில் குறித்திருக்கிறார், கிட்டத்தட்ட உன் வயது. சொத்துக்காக அடித்துக்கொள்ளும் அவள் காதலனின் குடும்பத்துக்கு உதவ மாட்டேன் என்று அப்பா அப்போதுதான் அடித்துச் சொல்லியிருக்கிறார். அவர் மனம் மாறாவிட்டால் இவள் கல்யாணம் நடக்காது. பாட்டு முடிந்த கையோடு அவர் உயிலைக் கொண்டுவரச் சொல்கிறார். ஆகவே இது புலம்பல் இல்லை, காரியத்தை முடிக்கிற பேச்சு. அப்பாவை நன்றாகத் தெரிந்த மகள் பேசுகிற பேச்சு.

இப்போது மெட்டைப் பார். போர்த்தா ரோஸ்ஸா தெருவுக்குப் போய் மோதிரம் வாங்கப் போகிறேன் என்கிறாள். சில வரிகள் தள்ளி, பொந்தே வெக்கியோ பாலத்துக்குப் போய் ஆர்னோ ஆற்றில் குதிப்பேன் என்கிறாள். இரண்டுக்கும் ஒரே மெட்டு! இதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் நீ செய்ய வேண்டிய வேலை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. மெட்டு மாறவில்லை, அப்படியானால் எது மாற வேண்டும்? முதல் தடவை அந்தப் பெண்ணின் கண்முன் கடைவீதி இருக்கிறது. இரண்டாவது தடவை மிரட்டல் இருக்கிறதா, உண்மையான பயம் இருக்கிறதா, இரண்டும் கலந்திருக்கிறதா? நீதான் முடிவு செய்ய வேண்டும். அதேபோல, காதலனை அழகன் என்று சொல்லும்போது எட்டு ஸ்வரம் மேலே தாவுகிற அந்தத் தாவலே, என் காதல் வீணாகிவிட்டால் என்று சொல்லும் இடத்திலும் வருகிறது. முதலாவதைப் பெருமையில் எடு. இரண்டாவதை எப்படி எடுப்பாய் என்று நான் சொல்ல மாட்டேன்.

காலாஸ் இதை 1954இல் செராஃபின் நடத்த, பதிவு செய்திருக்கிறார். உன் முடிவுகளைப் பென்சிலால் இசைப்பிரதியில் எழுதி முடிக்கும்வரை அதைக் கேட்காதே. ஒரு வாரம் சொற்களைப் பேசிப் பழகு, ஸ்வரம் வேண்டாம். அடுத்து தாளத்தோடு பேசு. அப்புறம் பாடு, பாதிக் குரலில். கையைத் தொங்கவிட்டே பாடு. மனம் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது என்பது காலாஸ் ஏதென்ஸில் இளம்பெண்ணாக இருந்தபோது கற்ற பாடம். நீயும் அதிலிருந்தே தொடங்கலாம்.

இன்னொன்று. வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஆசிரியை உன்னைப் பாதியில் நிறுத்தியது அவமானமாக இருந்தது என்று எழுதியிருந்தாய். ஜூலியார்ட் பதிவுகளில் அந்த இளைஞர்கள் அரங்கம் நிறைந்த கூட்டத்தின் முன் சொல்லுக்குச் சொல் நிறுத்தப்படுகிறார்கள். மறுபடி, மறுபடி. பொறுத்துக்கொண்டு திரும்பப் பாடுகிறார்கள், ஐந்து நிமிடத்தில் அந்த வரி மாறிவிடுகிறது, நம் காதுக்கே கேட்கிறது. உன்னை நிறுத்தத் தோன்றுகிற அளவுக்கு உன் ஆசிரியை கூர்ந்து கேட்கிறார் என்று எடுத்துக்கொள். மற்ற மாணவர்களின் வகுப்பிலும் போய் உட்கார், அனுமதி கேட்டால் தருவார்.

மாதக் கடைசிக்குள் லாரெட்டாவைப் பாடி எனக்கு அனுப்பு. காணொளி வேண்டாம், ஒலிப்பதிவு மட்டும். கூடவே நீ பென்சிலால் எழுதிய பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பு. அந்த இரண்டாவது தாவலைக் கேட்டுவிட்டு நானே உன்னைக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா